ஒரே கரையிலிருந்து புறப்பட்டவர்கள்: காரைக்கால் பழைய வீதிகளில் ஒரு நடை

 

அரபு நாட்டுப் பயணிகளும் நிலநூல் ஆசிரியர்களும் நம்முடைய இந்தக் கீழைக் கடற்கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம், துறை என்பது அச்சொல்லின் பொருளாகும். மொராக்கோ நாட்டின் தஞ்சீர் நகரில் பிறந்த இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இக்கரையில் வந்திறங்கி, மதுரையை ஆண்ட சுல்தானிடம் விருந்தினராகத் தங்கிச் சென்றார். அவர் தம் பயண நூலில் குறிப்பிடும் ‘பத்தன்’ என்னும் துறைமுகம் எது என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அது நம் பகுதிப் பட்டினங்களுள் ஒன்றே என்று உரிமை கொண்டாட எனக்குத் துணிவில்லை. ஆனால் ‘மஅபர்’ என்னும் பெயர் காரைக்காலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நடந்தே தெரிந்துகொண்டோம்.

புதுச்சேரி நகரில் பாரம்பரியக் கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பினர் வெகு காலமாக வழிகாட்டியுடன் கூடிய நடைப் பயணங்களை நடத்தி வருகின்றனர். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் குடியிருந்த பகுதி, மேற்கே தமிழர் வீதிகள், அவற்றின் தென்பாகத்தில் முல்லா வீதி, காஜியார் வீதி என நம்மவர் வாழும் தெருக்கள் ஆகியவற்றை வெளிநாட்டினரும் வெளியூர் மாணவர்களும் நின்று பார்த்து, குறிப்பெடுத்துக் கொண்டு செல்கின்றனர். அங்குள்ள வைசியாள் வீதியின் பழைய வீடுகளைச் சீரமைத்த பணிக்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் பாராட்டும் கிடைத்தது. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காரைக்காலுக்கு வருபவர்களோ, திருநள்ளாற்றுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வழியில் தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுகின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பிள்ளைகளுக்கே நாம் இவ்வூரை நடத்திக் காட்டியதில்லை.

ஆகவே மக்தபின் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் விருப்பப்பட்ட சில பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஃபஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பிரெஞ்சும் தமிழும் ஒருசேரக் கற்றவர். தம் பெயரை மலரில் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘ஆசிரியர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் அவர் எங்களை அழைத்துச் சென்ற இடம் பள்ளிவாசலோ தர்காவோ அல்ல. அரசலாறு கடலோடு கலக்கும் கரை. “வாசல் வழியாக வீட்டுக்குள் போவோம். நம் ஊருக்கு வாசல் இதுதான்” என்றார். மரக்கலங்களின் காலத்தில் இங்கே ஆழமான துறைமுகம் இருந்ததில்லை. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் படகுகளில்தான் ஏறி இறங்க வேண்டும். இப்போது வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருந்தது. அப்படியிருந்தும் ஏன் இந்த ஊரை அயல்நாட்டார் விரும்பினார்கள்? விடை அரிசி. புதுச்சேரியைச் சுற்றியுள்ள மண் அந்நகரின் வயிற்றை நிரப்பப் போதாது. காவிரியின் கிளைகளான அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு ஆகியவை பாயும் இந்த வயல்களின் நெல்லும் இப்பகுதித் துணியும்தான் பிரெஞ்சுக்காரர்களை இங்கே இழுத்தன.

அவர்கள் வந்த வரலாறு சற்றுச் சிக்கலானது. நம் பிள்ளைகள் பாடநூலில் டூப்ளே பெயரை மட்டும் படித்துவிட்டு, எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகின்றனர். காரைக்கால் கைமாறியபோது புதுச்சேரியின் ஆளுநராக இருந்தவர் துய்மா என்பவர். டூப்ளே அப்பதவிக்கு வந்தது 1742ல்தான். தஞ்சை மராட்டிய அரியணைக்கு நடந்த போட்டியில் சாஹுஜி என்பவர் தமக்கு உதவினால் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் தருவதாக 1738ல் துய்மாவுக்கு வாக்களித்தார். அரியணை கிடைத்தபின் வாக்கு மாறினார். நாகப்பட்டினத்திலிருந்த டச்சுக்காரர்களுக்கும் பக்கத்தில் இன்னொரு ஐரோப்பியர் வருவதில் விருப்பமில்லை. அப்போது ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாஹிப் படையனுப்பிக் கோட்டையைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14ஆம் நாள் அவர்கள் கொடி இங்கே ஏறியது. பின்னர் அரியணை ஏறிய பிரதாப்சிங் மன்னரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழியாக மேலும் பல கிராமங்கள் சேர்ந்தன.

இதே பிரதாப்சிங் மன்னர்தான் நாகூர் தர்காவின் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவை எழுப்பியவர் என்பது குறிப்பிடத்தக்கது. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த கையும், ஷாஹுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தில் மினாரா கட்டிய கையும் ஒன்றே. அரசர்களின் கணக்கு வேறு. மக்களின் கணக்கு வேறு.

அக்காலத்தில் இக்கடற்கரையில் நடந்து வந்த ஒருவர் ஏறத்தாழ ஒரே நாளில் மூன்று ஐரோப்பிய ஆட்சிகளைக் கடந்திருப்பார். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். நடுவே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக்காரர்கள், அதன்பின் ஆங்கிலேயர். காரைக்காலையும் ஆங்கிலேயர் விட்டு வைக்கவில்லை. 1760ல் பிடித்தனர், 1765ல் திருப்பித் தந்தனர். 1778ல் பிடித்து 1785ல் தந்தனர். 1793ல் மூன்றாம் முறையாகப் பிடித்து 1817 ஜனவரியில்தான் ஒப்படைத்தனர். “கொடி மாறினால் மீன்காரிக்கு என்ன, நெல் வியாபாரிக்கு என்ன?” என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வரி வாங்குபவன் மாறுவான், சுங்கச் சாவடி இடம் மாறும், வழக்குக்குப் போகும் மன்றம் மாறும். அவ்வளவுதான் என்று நினைத்தால், அந்த ‘அவ்வளவு’ என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சோறும் சொத்தும் அடங்கியிருக்கின்றன என்று ஆசிரியர் விளக்கினார்.

ஆற்றங்கரையிலிருந்து ஊருக்குள் வந்து பாரதியார் சாலையில் அம்மையார் கோயில் பக்கம் நின்றோம். முஸ்லிம் பிள்ளைகளை இங்கே ஏன் நிறுத்த வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வழிபாடு அவரவர்க்குரியது, ஊரின் வரலாறு அனைவருக்கும் உரியது. ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், வீடுகளின் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வீசப்படுவதைப் பார்க்காத காரைக்கால்காரர் இருக்க முடியாது. பழ வியாபாரத்தில் நம்மவரும் உண்டு. ஆசிரியர் எங்களை நிறுத்தியது வேறொரு காரணத்திற்காக. காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. கணவர் பெயர் பரமதத்தன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணம் அவர்களை வணிகர் குலத்தவராகவே காட்டுகிறது. மனைவியை விட்டு நீங்க எண்ணிய பரமதத்தன் செய்தது என்ன? கப்பலில் சரக்கேற்றிக் கொண்டு கடல் வாணிபத்திற்குப் போனான். திரும்பியவன் இவ்வூருக்கு வராமல், பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினமொன்றில் வேறொரு பெண்ணை மணந்து குடியேறிவிட்டான். சமயச் செய்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கணவன் கடல் கடந்து போவதும், வீட்டிலே ஒரு பெண் காத்திருப்பதும் இவ்வூரின் மிகப் பழைய கதை என்பது புலப்படும்.

அந்தக் கதையின் நம்முடைய பாகம் அடுத்து வந்த தெருக்களில் இருந்தது. மரக்கலம் என்னும் சொல்லிலிருந்தே மரக்காயர், மரைக்காயர் என்னும் பெயர் பிறந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. கப்பல் அல்லது ஊர்தியைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. எப்படியாயினும் கப்பலில்லாமல் அப்பெயர் இல்லை. நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை எனும் இத்துறைகளிலிருந்து துணியும் பிறவும் ஏற்றிச் சென்ற நம் முன்னோர் மலாய் நாட்டிலும் அச்சேயிலும் ‘சூலியா’ என்று அறியப்பட்டனர். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1820களில் உருவான ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணமே.

காரைக்கால்காரர்களுக்கு இவற்றோடு மற்றொரு வாசலும் திறந்தது. 1859ல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. அதன்பின் பிரெஞ்சுக் கொடியின் கீழ் பிறந்தவர் என்ற உரிமையோடு நம்மவர் பலர் அங்கே போயினர். சிலர் அரசு அலுவலர்களாக, சிலர் காவலர்களாக, பெரும்பாலோர் துணிக்கடைக்காரர்களாக வாழ்ந்தனர். சைகோன் நகரின் நடுவே, தோங் தூ வீதியில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது. நம் ஊரில் ‘சைகோன் வீடு’ என்று பேச்சில் வழங்கும் வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘சபராளி’ என்னும் சொல் இவர்களுக்காகவே உண்டானது போலும்! சபர் செய்பவர் சபராளி. அரபும் தமிழும் ஒரே சொல்லில் நிக்காஹ் செய்துகொண்டிருக்கின்றன.

அத்தகைய பழைய வீடு ஒன்றின் முன் வெகு நேரம் நின்றோம். வீட்டுக்காரர்கள் உள்ளே அழைத்துக் காட்டினார்கள். தெருவைப் பார்த்த திண்ணை. அதற்கு மேல் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சாய்ப்பு. உள்ளே வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். பின்கட்டில் பெண்களுக்கென்று தனி வாசல். அது அடுத்த வீட்டின் கொல்லையோடு சேர்கிறது. பெண்கள் தெருவுக்கு வராமலே நாலைந்து வீடு போய் வர அந்த வழி உதவியது. மாடி மட்டும் பிற்காலத்தது. சாய்வாகப் பலகை அடித்த நெடிய சன்னல்களோடு பிரெஞ்சுப் பாணியில் உள்ளது. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு, உள்ளே அரபு என்று ஆசிரியர் சிரித்தார்.

இந்த வீடுகள் யாருடையவை? ஆண்களுடையவை அல்ல. நம் கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டிற்கு வரவழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களிலும் இதைக் காணலாம். இதைப் பற்றி மார்க்கச் சட்டத்தின் அடிப்படையில் கேள்வி கேட்பவர்கள் உண்டு. மகளுக்கு வீடு கட்டித் தர இயலாமல் வட்டிக்கு வாங்கி அழிந்த தகப்பன்மார்களையும் நான் அறிவேன். ஆயினும் வழக்கம் தோன்றிய காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் ஆண்டுக் கணக்கில் கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரில், பெண் தன் தாயோடும் சகோதரிகளோடும் தன் சொந்தக் கூரையின் கீழ் இருப்பதே பாதுகாப்பு. சமையலும் சந்தைக் கணக்கும் கூலியாட்களும் பிள்ளைகளின் ஓதலும் நிக்காஹ் பேச்சும் எல்லாம் அவர்கள் கையில் நடந்தன. சபராளிக் கணவருக்கு எழுதும் கடிதத்தை அரபுத் தமிழில் எழுதிய உம்மாமார்கள் நம் ஊரில் இருந்தார்கள். தமிழ் எழுத்துப் படிக்காதவர் என்று பள்ளிக்கூடக் கணக்கில் அவர்களைச் சேர்த்துவிட்டோம். குர்ஆன் எழுத்தைக் கொண்டு தமிழ் ஒலியை எழுதவும் படிக்கவும் அறிந்த அவர்களைக் கல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? நம் பிள்ளைகளில் அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் என்று கேட்டேன். கை தூக்கியவர் எவருமில்லை.

அவ்வீட்டில் எங்களுக்குச் சஹனில் பசியாற வைத்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து உண்பது வெளியூர் விருந்தாளிகளுக்குப் புதுமை, நமக்கு இயல்பு. இடியாப்பமும் கறியும் தீர்ந்தபின் தம்ரூட் வந்தது. நடைப் பயணத்தின் நோக்கத்தையே சில பெரியவர்கள் அத்துடன் மறந்துவிட்டதால் மீண்டும் கிளம்ப அரை மணி நேரம் ஆயிற்று.

மஸ்தான் சாஹிபு (ரஹ்) தர்காவின் வாசலில் ஆசிரியர் அதிகம் பேசவில்லை. புகாரா நாட்டிலிருந்து வந்தவராக அறியப்படும் அப்பெரியாரின் கந்தூரியில் அனைத்துச் சமயத்தவரும் கலந்துகொள்வது எல்லாரும் அறிந்ததே. மாதா கோயில் வீதியில் தேற்றரவு மாதா ஆலயத்தின் கோபுரத்தைப் பார்த்தபடி, அவர் சட்டத்தைப் பற்றிப் பேசினார். அது எங்களுக்குப் புதிய செய்தி. 1819 ஜனவரி 6ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு ஆணையின்படி இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகியோரின் வழக்குகள் அவரவர் சட்டத்தையும் வழக்கத்தையும் கொண்டே தீர்க்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்பின் 1881 செப்டம்பர் 21ல் வேறொரு ஆணை வந்தது. தம் சமயச் சட்டத்தைக் கைவிடுவதாக எழுதிக் கொடுப்பவர், பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வருவார். குடும்பப் பெயரும் பெறுவார். கிறிஸ்தவர்கள் பலரும், சாதிக் கொடுமையிலிருந்து தப்ப எண்ணியவர்களும் இதை ஏற்றனர். நம்மவரில் பெரும்பாலோர் ஷரீஅத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வரும் உயர்வை நாடவில்லை. ஆனால் பிறப்பு, நிக்காஹ், இறப்பு ஆகியவற்றை ‘மேரி’ அலுவலகத்தில் பதிவு செய்யும் பழக்கம் எல்லாருக்கும் வந்தது. அந்தப் பதிவேடுகளில் மரைக்காயர் ‘மரிக்கார்’ ஆனார். முஹம்மது என்னும் திருப்பெயர் ‘முகமாது’ ஆயிற்று. பிரான்ஸில் வசிக்கும் நம் உறவினர்களின் கடவுச்சீட்டுகளில் இந்த எழுத்துகள் இன்றும் வாழ்கின்றன.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போரிட்டவர்களின் நினைவுத்தூணை வழியில் கண்டோம். ஒவ்வொரு நவம்பர் 11ஆம் நாளும் முதல் உலகப் போரில் உயிர் நீத்தவர்களுக்காக அங்கே மலர் வைக்கப்படுகிறது. ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளைகள் நம் மக்தபிலும் உள்ளனர். பான்சியோன் பணத்தில் கட்டிய வீடுகள் நம் மஹல்லாவிலும் உள்ளன.

இப்படி நடந்து வந்து, மீண்டும் கடலை நோக்கும் சாலையில் ஒரு நிழலில் அமர்ந்தபோது ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்து, “நம் கரையிலிருந்து மக்கள் எங்கெல்லாம் போனார்கள்? சொல்லுங்கள்” என்றார். சைகோன், சிங்கப்பூர், பினாங்கு, இலங்கை, பாரிஸ், துபாய், சவூதி என்று அடுக்கினார்கள். “குவாதலூப்?” என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1848ல் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் இக்கரையிலிருந்து மொரீஷியஸ், ரேயூனியன் தீவுகளுக்கு அடிமைகளாகவே மனிதர் விற்கப்பட்டனர். இப்போது அதற்கு ஒப்பந்தக் கூலி என்று பெயர் மாறியது. 1853ல் ‘அவ்ரேலி’ என்னும் கப்பல் இந்நாட்டுத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு, 1854 டிசம்பரில், அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. புதுச்சேரியும் காரைக்காலுமே அவர்கள் கப்பலேறிய துறைகள். 1861ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் இப்போக்குவரத்து பெருகியது. அதைக் கண்காணிக்க ஆங்கில அரசின் பிரதிநிதி ஒருவர் காரைக்காலிலேயே இருந்தார். 1880களில் ஆங்கில அரசு இதை நிறுத்தும்வரை குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், ரேயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரும் இந்தியாவிலிருந்து போயினர். எல்லாரும் காரைக்காலில் ஏறியவர்கள் அல்லர். ஆயினும் பெருந்தொகையினர் இந்தக் கரையைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனவர்களே.

யார் அவர்கள்? தஞ்சை, திருச்சி, தென்னாற்காட்டுப் பக்கத்து நிலமற்ற உழவர்கள், பறையர், பள்ளர், வன்னியர், நெசவுத் தொழிலிழந்தோர், பஞ்சத்தில் குடும்பம் சிதறியோர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். மேஸ்திரிகள் எனப்படும் ஆள்பிடிப்போர் சந்தைகளிலும் சத்திரங்களிலும் ஆசை காட்டி அழைத்து வந்தனர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மாதக் கடல். திரும்பி வந்தவர் சிலரே. குவாதலூப்பில் பிறந்த அவர்களுடைய சந்ததிக்குக் குடியுரிமை பெறுவதற்காக ஆங்ரி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை அரசோடு வழக்காடி வென்றார். முதல் கப்பல் சேர்ந்த 150ஆம் ஆண்டையொட்டி 2004ல் அங்கே கடற்கரை நகரில் நினைவுச் சின்னமும் எழுப்பியுள்ளனர். அவர்கள் புறப்பட்ட கரையிலோ அமர்ந்து பேச எங்களுக்கு ஒரு மரநிழல்தான் கிடைத்தது.

ஆசிரியர் அடுத்துச் சொன்ன செய்தி எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ரேயூனியனிலும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள், தமிழ் மொழியை ஏறத்தாழ முழுவதும் இழந்துவிட்ட பின்பும், உயர்ந்த கொடிமரம் நட்டுக் கொடியேற்றி ஒரு பெயரைச் சொல்லி வணங்குகின்றனர். ‘நாகூர் மீரா’, ‘நாகுமிலா’, ‘நர்குலான்’ என இடத்துக்கு இடம் அப்பெயர் திரிந்துள்ளது. கடலில் காத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்கின்றனர். நாகூர் மீரான் சாஹிபே அவர்! இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கும் பெரியாரின் பெயர், கூலிக் கப்பலின் அடித்தளத்தில் ஏறி அட்லாண்டிக் கடலைக் கடந்திருக்கிறது. கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். அந்த வணக்கமுறை தவ்ஹீதுக்கு ஒத்ததா என்று இங்கே தீர்ப்புரைக்க நான் வரவில்லை. அதற்கு மிம்பர் இருக்கிறது. கப்பலின் இருட்டில், நாலாபுறமும் தண்ணீரைத் தவிர வேறு காணாத ஓர் உழவன், தான் புறப்பட்ட கரையில் கடைசியாகக் கண்ட மினாராவை நினைத்துக்கொண்டான் என்பதே வரலாறு நமக்குத் தரும் செய்தி.

நம் ஜமாஅத் மலர்களின் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். சபராளிகளைப் பற்றிய கட்டுரைகள் உண்டு. சைகோன் கொடையாளர்களின் பட்டியல் உண்டு. மாஷா அல்லாஹ், அவை இருக்க வேண்டியவையே. அதே படகில் ஏறி, அதே ஆழ்கடலில் கப்பலுக்கு மாறிய கூலியாட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கப்பலுக்கு அரிசியும் கருவாடும் விற்றவர்கள் இவ்வூர் வணிகர்கள்தாமே, படகு ஓட்டியவர்கள் இவ்வூரார்தாமே என்று ஒரு மாணவர் கேட்டார். நம்மவர் அதில் பங்கு பெற்றார்களா என்றும் வெளிப்படையாகக் கேட்டார். ஆசிரியர், “பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடை இது, ஊர்ப் பெருமையைப் பார்த்துச் சொல்லக்கூடாது” என்றார். அவர் கூறியது சரியே. பெருமைக்குரிய பெயர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு வரலாறு என்று பெயரில்லை.

மீதிப் பாதையை விரைந்து கடந்தோம். 1898ல் திறக்கப்பட்ட பேரளம் இருப்புப்பாதை, 1980களின் இறுதியில் ஓட்டம் நின்றுபோய், காரைக்காலுக்கு மீண்டும் ரயில் வந்தது 2011ல் நாகூர் வழியாகத்தான் என்பதைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தனர். சுற்றிலும் ஆங்கிலச் சுங்கச் சாவடி இருந்த காலத்துக் கடத்தல் கதைகளைச் சொல்லத் தொடங்கியவரை, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் அடக்கினார்கள். 1954 அக்டோபர் 18ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததும், நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியதும், 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றதும் பிள்ளைகளுக்குப் பாடத்தில் தெரிந்திருந்தன. அதன்பின் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டதும், ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனதும் பாடத்தில் இல்லை.

இப்போது அந்த வீடுகளுக்கு வருவோம். வீட்டுக்காரர்கள் பிரான்ஸில், திறவுகோல் உறவினரிடம், கூரை ஓடு சரிந்தால் மாற்ற ஆளில்லை. பங்காளிகள் பதினைந்து பேர் மூன்று நாடுகளில் இருந்தால் பாகப்பிரிவினை எப்படி நடக்கும்? கடைசியில் இடித்து, அடுக்குக் கடைகள் கட்டுகிறார்கள். அவர்களைக் கண்டிக்க நமக்கு உரிமையில்லை, சொத்து அவர்களுடையது. ஆனால் இடிக்கும்போது மரப்பெட்டியிலிருந்து வெளியே வரும் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரங்கள், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், சைகோன் கடைக் கணக்குகள், வக்ஃபு எழுதிவைத்த உயில்கள் என எல்லாம் எடைக்கு எடை போகின்றன. வக்ஃபு நிலத்தின் எல்லை எது என்று நீதிமன்றத்தில் கேட்கும்போதுதான் அந்தக் காகிதத்தின் விலை நமக்குத் தெரிகிறது. பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தஃப்தர்களிலும் சில, கறையானுக்கு இரையாகி விட்டன. மிஞ்சியவற்றை இவ்வாண்டு புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

பிரான்ஸ் நாட்டின் எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில், காரைக்கால் ‘மேரி’யின் பழைய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் படிகள் உள்ளன, அவற்றில் பலவற்றை இணையத்தின் வழியாக எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் உள்ளவர்கள் தங்கள் பாட்டனாரின் ஊர்ப் பெயரை அதுபோன்ற பதிவேடுகளில்தான் தேடுகிறார்கள். எங்கள் மாணவர்களில் இருவர், ஆசிரியரின் துணையோடு, 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களில் நம் மஹல்லாக் குடும்பங்களின் பெயர்களைப் படித்துத் தமிழில் எழுதத் தொடங்கியுள்ளனர். எழுத்துக் கூட்டுவது கடினமாக உள்ளது; ஒரு பக்கத்திற்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது.

வீட்டில் பழைய பத்திரம், கடிதம், கணக்கேடு, அரபுத் தமிழ்ப் பிரதி ஆகியவை வைத்திருப்போர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வந்தால், படமெடுத்துக்கொண்டு அன்றே கையில் திருப்பித் தரப்படும். பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்ல ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். அடுத்த நடை, இன்ஷா அல்லாஹ், திருமலைராயன்பட்டினத்தில்.